ஐஸில் குளித்த கோழி

பெரிய பானைக்குள் இரண்டு கரண்டிகளை விட்டு முதல் கோழியைத் தூக்கினேன். ஆவி என் மூக்குக்கண்ணாடியில் படிந்து ஒன்றும் தெரியவில்லை. தட்டுத்தடுமாறிப் பக்கத்தில் இருந்த ஐஸ் தண்ணீர் வாளிக்குள் அதை இறக்கினேன். ஐஸ் கட்டிகள் படபடவென்று வெடித்தன.

அந்தச் சத்தத்துக்கு ஹொட் கிச்சனில் இருந்த ஆண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அடுப்பில் தாளித்துக்கொண்டிருந்தவர்கூட வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வெங்காயம் கருகுகிற வாசனையும் வந்தது.

"என்ன அக்கா, கோழிக்குக் காய்ச்சலே? ஐஸ் வைக்கிறியள்" என்று கேட்டார் செஃப் யோகன். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ஹொட்டல் சமையலறைக்கு அவர்தான் தலைவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அடுத்த கோழியைத் தூக்கினேன். அந்தக் கோழிகள் சரியாக வராவிட்டால் என்னோடு வேலை செய்த புஷ்பத்துக்கு வேலை இல்லை, எனக்கு என் இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

சலாது அக்கா

கண்டி வாவிக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிறது அந்த ஹொட்டல். பெயர் எதற்கு, சோறு போட்ட இடம். என் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் அங்கே பழம் வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன்.

ஹொட்டல் சமையலறை என்றால் ஒன்று என்று வெளியில் நினைப்பார்கள். உண்மையில் இரண்டு. அடுப்பு எரிகிற பக்கம் ஹொட் கிச்சன். அங்கே ஆண்கள், உயரமான வெள்ளைத் தொப்பி, சத்தம், பெருமை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் கோல்ட் கிச்சன். சலாது, பழம், புட்டிங், குளிராகப் பரிமாறுகிற எல்லாம் இங்கே. இங்கே நானும் புஷ்பமும் இரண்டு பிரிட்ஜ்களும்.

தர்ப்பூசணியில் அன்னம் வெட்டுவேன், பப்பாளியில் தாமரை வெட்டுவேன். கலியாணத்துக்கு வருகிறவர்கள் என் அன்னத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆனால் விருந்து முடிந்ததும் "செஃப் எங்கே" என்று கேட்டால் உள்ளேயிருந்து போவது யோகன்தான். என் பெயர் சரோஜா என்பதுகூடப் பாதிப் பேருக்கு மறந்துபோய், நான் சலாது அக்கா ஆகியிருந்தேன்.

அதற்காக நான் மூலையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கவில்லை. எனக்கு வாய் உண்டு. ஹொட் கிச்சன் பையன்கள் கேட்காமல் என் எலுமிச்சம்பழத்தை எடுத்தால், அன்றைக்கு அவர்களுடைய மதியச் சாப்பாட்டில் அப்பளம் குறையும். இப்படி ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு புது மனேஜர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதைப் பார்த்தாலும் சேர்க்கவோ குறைக்கவோ தோன்றும் அவருக்கு. கோல்ட் கிச்சனை மூடி அந்த வேலையை ஹொட் கிச்சனோடு சேர்த்துவிடலாம், என்னைக் காலைச் சாப்பாட்டுக்குப் பழம் வெட்ட வைக்கலாம், புஷ்பத்தை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தார். மாத முடிவில் அமல் என்றார்.

புஷ்பம் அன்றைக்கு முழுவதும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. கரட் சீவிக்கொண்டே இருந்தாள். தேவைக்கு மேல் ஒரு வாளி சீவிவிட்டாள்.

பெரியப்பா எழுந்து போன பந்தி

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது நாவலப்பிட்டி. அப்பாவுக்கு ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. ரயில் வந்து நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் தட்டில் ஆவி பறக்கச் சோறு போக வேண்டும். ஆறின சாப்பாட்டை வைத்தால் காசு கொடுத்தவனை அவமதித்த மாதிரி என்பார் அப்பா.

அவருடைய அண்ணன், என் பெரியப்பா, அவரையும் மிஞ்சியவர். ஒரு சொந்தக்காரக் கலியாணத்தில் இலையில் விழுந்த கோழிக் கறியை விரலால் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. கையை உதறிவிட்டு எழுந்து போய்விட்டார். பெண் வீட்டாரோடு பேச்சுவார்த்தை கிடையாது. அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து, பெயர் வைத்து, அதன் பிறகுதான் சமாதானம் ஆனார்.

அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவள் நான். கோழியை வேண்டுமென்றே குளிர வைத்து, மதுவில் ஊறப்போட்டு, ஜில்லென்று விருந்தாளிக்கு முன்னால் வைப்பேன் என்று பெரியப்பாவிடம் யாராவது சொல்லியிருந்தால் என்னைக் குடும்பத்தைவிட்டே தள்ளி வைத்திருப்பார். நல்ல வேளை, அவர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மெய் கேட்டது

ரோட்டு வேலைக்காக வந்திருந்த சீனப் பொறியியலாளர்கள் அடிக்கடி எங்கள் ஹொட்டலுக்குச் சாப்பிட வருவார்கள். அவர்களோடு மெய் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் பெண். ஒரு நாள் அவள் மனேஜரைத் தேடி வந்தாள். அவர்களுடைய தலைமைப் பொறியியலாளர் வேலை முடிந்து ஊருக்குத் திரும்புகிறாராம். பிரியாவிடை விருந்து எங்கள் மண்டபத்தில். அவருக்குப் பிடித்த ஒரு சாப்பாடு வேண்டும் என்றாள். அரிசி மதுவில் ஊற வைத்த கோழி, குளிராக.

"கோழியைக் குளிரா வைக்கிறதோ? டெவல் பண்ணி, உறைப்பாப் பிரட்டிக் குடுப்பம், நல்லாச் சாப்பிடுவினம்" என்றார் யோகன்.

நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். என்ன தைரியத்தில் கதவைத் திறந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

"குளிரா வைக்கிறதுன்னா அது என் பக்கத்து வேலைதானே சேர். நான் செய்யுறேன்" என்றேன்.

மனேஜர் என்னைப் பார்த்தார், யோகனைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார், அதைத் தமிழில் எழுதுகிறேன்: "சரி, செய்யுங்கள். நன்றாக வந்தால் கோல்ட் கிச்சனைப் பற்றி மறுபடி பேசுவோம். வராவிட்டால் அதைப் பற்றி யாரும் என்னிடம் பேச வரக்கூடாது."

எனக்கு அந்தச் சாப்பாட்டின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராது.

பஸ்ஸில் வந்த வாசனை

மெய் இரண்டு நாளில் தன் ஆட்களுடைய ஸ்டோரிலிருந்து மதுப் போத்தல்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது நல்லதாகப் போயிற்று. நம் நாட்டில் ஒரு பெண் மதுக்கடைக்குப் போய்ப் போத்தல் கேட்க முடியாது, என் வீட்டுக்காரரோ சோடா வாங்கவே யோசிக்கிற ஆள்.

மூடியைத் திறந்து மோந்தேன். முதலில் தலையைச் சுற்றியது. இரண்டாவது தடவை சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த வாசனை. கள்ளு ஊற்றிக் கரைத்த ஆப்ப மா விடியக்காலை பொங்கி நிற்குமே, அந்த வாசனைதான். அதோடு கொஞ்சம் வறுத்த கச்சான் கடலை வாசனை. அரிசி புளித்தால் எந்த ஊரிலும் அரிசிதான் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் தெம்பு வந்தது.

செய்முறையை மெய் ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தாள். முழுக்கோழி, தோலோடு. இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்ட தண்ணீர் கொதித்ததும் கோழியை இறக்கி, கொதி அடங்கினாற்போல் வைத்து, மூடி, அடுப்பை அணைத்து, அந்தச் சூட்டிலேயே வேக விட வேண்டும். பிறகு நேராக ஐஸ். தோல் இறுகும், தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவே ஜெலி பிடிக்கும். அப்புறம் கோழி வெந்த தண்ணீரை ஆற வைத்து, உப்பும் துளி சீனியும் போட்டு, மதுவைக் கலந்து, கோழியை அதில் மூழ்கடித்துப் பிரிட்ஜில் வைக்க வேண்டும். மசாலா கிடையாது, மிளகாய் கிடையாது. ஒளிந்துகொள்ள இடமே இல்லாத சமையல்.

முதல் தடவை ஐஸ் பெட்டியில் உறைந்து கிடந்த கோழியில் செய்தேன். தோல் கிழிந்து தொங்கியது, எலும்பு கறுத்துப் போயிற்று. அதை ஒரு சட்டியில் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டு போனேன். பிலிமத்தலாவை பஸ்ஸில் நல்ல நெரிசல். பேராதனை தாண்டும்போது ஒரு குலுக்கலில் மது கொஞ்சம் சிந்திவிட்டது. பஸ் முழுவதும் வாசனை.

எனக்கு முன்னால் நின்ற அப்பாவி மனிதரை எல்லாரும் முறைத்தார்கள். அவருடைய மனைவி அவர் வாயை மோந்து பார்த்தாள். நான் யன்னல் வழியாக மரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா யாரோ மேல கோவமா செஞ்ச மாதிரி இருக்கு" என்றார். மது கூடிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அவர் சொன்னது சரி. இரண்டாவது தடவை மதுவைக் குறைத்தேன். மெய் வந்து ருசி பார்த்தாள். தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"ருசி கிட்ட வந்துவிட்டது. கோழிதான் சரியில்லை" என்றாள்.

கெலிஓயா நானா

நல்ல கோழி வேண்டும் என்றால் கெலிஓயாவில் ஒரு முஸ்லிம் அண்ணனின் கடைதான், நானா என்றே கூப்பிடுவேன். அன்றைக்கு வெட்டி அன்றைக்கே கொடுப்பார். பல வருடப் பழக்கம். ஒரே சிக்கல், விருந்துக்கு முதல் நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. போயாவில் இறைச்சிக் கடை திறக்காது. அதனால் அதற்கும் முதல் நாளே வாங்கி, அன்றைக்கே வேக வைத்து, போயா முழுவதும் மதுவில் ஊற விடுவது என்று திட்டம் போட்டேன். ஊறுவதற்கும் அதுதான் தேவையான நேரம். முதல் தடவையாகப் போயா எனக்கு உதவிக்கு வந்தது.

"தோலோட, முழுசா வேணும் நானா" என்றேன்.

"சரி தங்கச்சி" என்றவர், பேசிக்கொண்டே முதல் கோழியின் தோலைச் சட்டை கழற்றுகிற மாதிரி உருவி எறிந்துவிட்டார். கை பழகிய வேலை. நான் கத்திய பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"தோலோட யாரு திங்கிற? நாப்பது வருசமா ஒருத்தரும் கேட்டதில்ல" என்று என்மேலேயே கோபப்பட்டார். பிறகு வெந்நீர் போட்டு, உட்கார்ந்து, ஒவ்வொரு இறகாகப் பிடுங்கி ஆறு கோழிகளைத் தந்தார். தோலில் ஒரு கீறல் இல்லை.

"என்ன விசேசம்?" என்று கேட்டார்.

"வெளிநாட்டு விருந்து நானா" என்றேன். மதுவைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை. அவருடைய கையால் இறகு பிடுங்கிய கோழி, பாவம் மனிதர்.

புஷ்பத்தின் நல்ல மனசு

கோழிகளை ஹொட்டல் ஸிங்கில் வைத்துவிட்டு ஐஸ் சொல்லப் போனேன். திரும்பி வந்தபோது ஆறு கோழிகளும் மஞ்சள்பட்டுக் கட்டிய மணப்பெண்கள் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன.

புஷ்பம் மஞ்சளும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள்.

"ஏன்டி புஷ்பம் இப்படிச் செஞ்ச?" என்றேன்.

"கோழிய மஞ்ச போடாம எப்படிக்கா வைக்கிறது? கவுச்சி அடிக்காதா?" என்றாள். முகத்தில் களங்கமே இல்லை. எனக்கு வேலை மிச்சம் பிடித்துக் கொடுத்த சந்தோஷம்தான் இருந்தது. அவளை என்னவென்று திட்டுவது? எங்கள் வீடுகளில் இறைச்சி வந்தால் யோசிக்காமல் கை மஞ்சள் டப்பாவுக்குத்தான் போகும்.

விஷயம் புரிந்ததும் அவள் அழத் தொடங்கினாள். எனக்கும் அழுகைதான் வந்தது, ஆனால் இரண்டு பேரும் அழுதால் கோழியை யார் பார்ப்பது? நாளைக்குப் போயா, கடை இல்லை. நானாவும் அன்றைக்கு வெட்டியதை விற்று முடித்துவிட்டார். இருப்பது இந்த ஆறுதான்.

அரிசி மாவையும் உப்பையும் போட்டு இரண்டு பேரும் தேய்த்தோம், கழுவினோம், மறுபடி தேய்த்தோம். மஞ்சள் வாசனை போயிற்று. நிறம் போகவில்லை. வெளிர் மஞ்சளாகத் தோலில் தங்கிவிட்டது. அப்படியே பானையில் இறக்கினேன். செஃப் யோகன் காய்ச்சலா என்று கேட்டது அந்தக் கோழிகளைப் பார்த்துத்தான்.

எலும்புக்குள் சிவப்பு

சிரிப்பு அடங்கியதும் யோகன் ஒரு கோழியை எடுத்துத் தொடையில் கத்தியைப் போட்டார். இறைச்சி வெள்ளையாக, ஈரமாக இருந்தது. எலும்பை வெட்டியபோது உள்ளே சிவப்பு.

"அக்கா, இது அவியேல்லை. எலும்புக்குள்ள ரத்தம் நிக்குது. திரும்பப் பானையில போடுங்கோ."

"எறச்சி வெந்துருச்சு செஃப். எலும்புக்குள்ள மட்டுந்தான் அப்படி இருக்கும். அவங்க சாப்புடுறதே இப்படித்தான். திரும்பப் போட்டா சக்கையாப் போயிரும்."

"ஆருக்கும் வயித்தால போனா என்ர பேர்தான் கெடும்."

அவர் வில்லன் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நம் ஊரில் கோழி எலும்பைக் கடித்தால் அது பொடியாக வேண்டும். ஆனால் அந்த நேரம் எனக்கு நியாயம் பார்க்கிற நிதானம் இல்லை. வாளிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"சூடு பாக்குற ஊசிய வச்சுப் பாருங்க. வேகலைன்னு அது சொன்னா நானே பானையில போடுறேன். வெந்துருச்சுன்னா இந்த வாளிய யாரும் தொடக்கூடாது."

ஐஸுக்குப் போகாமல் பானையில் இன்னும் ஒரு கோழி இருந்தது. ஊசியை அதன் தொடை ஆழத்தில் குத்தினார். பார்த்தார். இன்னொரு இடத்தில் குத்திப் பார்த்தார். ஊசியைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சரி, அவிஞ்சிட்டுது" என்றார். போகும்போது தன் ஆட்களைப் பார்த்து, "அக்கான்ர பிரிட்ஜை ஒருத்தரும் திறக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மண்டபம்

போயா கழிந்தது. விருந்து அன்று பின்னேரம் பிரிட்ஜைத் திறந்தேன். மதுத் தண்ணீர் ஜெலியாக உறைந்து கோழியைப் பிடித்துக்கொண்டிருந்தது. கனமான கத்தியால் எலும்போடு ஒரே வெட்டாக வெட்டினேன். தோல் விலகவில்லை, துண்டு சிதறவில்லை. வெள்ளைப் பீங்கானில் அடுக்கி, ஜெலியைக் கரண்டியால் உடைத்து மேலே போட்டேன். புஷ்பம் ஒரு துண்டைத் தின்று பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "அக்கா, குளிருது, இனிக்குது, அப்புறம் தொண்டையில சுடுது" என்றாள்.

தட்டுகள் போயின. நாங்கள் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சூப் போனது, மீன் போனது, சோறு போனது. ஒரு செய்தியும் இல்லை. முதல் தட்டு திரும்பி வந்தபோது புஷ்பம் ஓடிப் போய் வாங்கினாள். எலும்பு மட்டும்தான் இருந்தது. ஜெலியைக்கூட யாரோ வழித்துச் சாப்பிட்டிருந்தார்கள்.

அப்போது மெய் சமையலறைக் கதவில் வந்து நின்று, செஃபை வரச் சொல்கிறார்கள் என்றாள். யோகன் பழக்கத்தில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இரண்டடி வைத்தார். மெய் தலையை ஆட்டினாள். குளிர்ந்த கோழி செய்தவர் வேண்டும் என்றாள்.

யோகன் திரும்பினார். "அது அக்கா. போங்கோ அக்கா, உங்களைத்தான் கூப்பிடினம்" என்றார்.

இத்தனை வருடத்தில் அந்தக் கதவைத் தாண்டி விருந்து நடக்கும்போது நான் போனதில்லை. ஏப்ரன் முழுவதும் மதுக் கறை. மண்டபத்தில் விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. மனேஜர் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "இவர்தான் எங்கள் கோல்ட் கிச்சனின் செஃப்" என்றார்.

கோல்ட் கிச்சனுக்குச் செஃப் இருந்தால் கோல்ட் கிச்சனும் இருக்கும். புஷ்பத்துக்கு வேலை இருக்கும். அத்தனை பேருக்கு முன்னால் சொன்னதை அவரால் இனித் திருப்பி எடுக்க முடியாது. எனக்கு உள்ளங்காலிலிருந்து சந்தோஷம் ஏறியது. வெட்கப்படாமல் எழுதுகிறேன், அன்றைக்கு நான் ஒரு சாண் உயர்ந்து நின்றேன்.

தலைமைப் பொறியியலாளர் வயதானவர், மெலிந்தவர். என்னிடம் நிறையப் பேசினார். மெய் சொன்னாள்: "இந்த ஊரில் இவ்வளவு நல்ல மஞ்சள் தோல் கோழி எங்கே கிடைத்தது என்று கேட்கிறார். அவருடைய ஊரில் அந்தச் சாதிக் கோழியில்தான் இதைச் செய்வார்களாம். தட்டைப் பார்த்ததும் தன் வீட்டு மேசை ஞாபகம் வந்ததாம்."

மனேஜர் பெருமையோடு என்னைப் பார்த்தார். சும்மா சிரித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் புஷ்பம் அழுத அழுகையை நினைத்தேன். அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

"அது கோழிச் சாதி இல்லை மிஸ். என்னோட வேலை செய்யுற புஷ்பம் மஞ்சள் போட்டுக் கழுவிட்டா. எங்க ஊரில அப்படித்தான்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மனேஜர் முகம் விழுந்துவிட்டது.

மெய் மொழிபெயர்த்தாள். பெரியவர் என்னைப் பார்த்தார், காலித் தட்டைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். மெய்யிடம் ஏதோ கேட்டார்.

"அது எந்த ஊர் என்று கேட்கிறார்."

"நாவலப்பிட்டி" என்றேன்.

அவர் அதைச் சொல்லிப் பார்த்தார். நா, வா, லா என்று உடைத்து உடைத்துச் சொன்னார். மூன்றாவது தடவை பிடிபட்டது. எழுந்து நின்று தன் கிளாஸைத் தூக்கினார். அவரோடு மேசை முழுவதும் எழுந்தது, மனேஜரும் எழுந்தார். கண்டியின் அந்தப் பெரிய மண்டபத்தில் அத்தனை பேரும் ஒன்றாக, உரக்க, நாவலப்பிட்டி என்று சொல்லிக் குடித்தார்கள்.